இரண்டாவது விசில்

மணி அடித்துவிட்டார்கள். இனி ஒரு மணி நேரத்துக்குப் பலவேசம் அசையக் கூடாது. மடியில் வைத்த கையைப் பிரிக்கக் கூடாது, மடக்கிய காலை மாற்றக் கூடாது, கண்ணைத் திறக்கவே கூடாது. இருபத்தொன்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த ஒரு கண்டக்டரை, அறுபத்தோரு வயதில் பிடித்து உட்காரவைத்து ஆடாதே என்று சொன்னால் என்ன நியாயம் என்று முதல் நாள் அவருக்குக் கோபம்கூட வந்தது. இன்று ஏழாவது நாள். கோபப்படுகிற தெம்பெல்லாம் வடிந்துவிட்டது. பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே, ஒரு தியான முகாம். அறுபது பேர் இருக்கிறார்கள், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. பேசக் கூடாது, முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது, போனை வந்த அன்றே வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பத்து நாளும் ஒரே வேலை, மூச்சைப் பார்ப்பது. அதையும் எங்கே பார்க்க வேண்டும் என்று இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்: மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, அந்த அரை அங்குலத்தில். ஒலிபெருக்கியில் வழிகாட்டி ஐயாவின் குரல் நிதானமாக வந்தது. மூச்சை இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். அது தானாக வருகிறது, வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தானாகப் போகிறது, போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு குரல் நின்றது. வெளியே காற்றாலையின் இறக்கை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறங்குகிற சத்தம் மட்டும் மிச்சம். உஸ். உஸ். உஸ். பலவேசம் தன் மூச்சைத் தேடினார்.

வந்தது. குளிர்ச்சியாக வந்தது. தெரிந்துகொண்டார். போனது, கொஞ்சம் சூடாக. தெரிந்துகொண்டார். இரண்டாவது வந்தது. மூன்றாவது வருவதற்குள் அந்த அரை அங்குலத்துக்குக் கீழே, உதட்டில், விசில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு நாளாக இதே கூத்துதான். உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, இந்த மனுஷர்கள் பார்த்துப் பார்த்து இந்த இடத்தையா குறித்துக் கொடுக்க வேண்டும். டியூட்டி ஏறியதும் வாயில் வைத்தால் பஸ்ஸை டெப்போவில் விடுகிறவரை விசில் அங்கேயேதான் இருக்கும். பேசும்போது கடைவாய்க்கு ஒதுங்கும், பேச்சு முடிந்ததும் நடுவுக்கு வரும். கடித்துக் கடித்து முன்பல் ஒன்றில் சின்னதாகப் பள்ளமே விழுந்துவிட்டது. நாக்கு இப்போது அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தது. நாக்கை அசைக்கலாமா? நாக்கைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. எல்லாக் கண்டக்டருக்கும் அதுதான் கணக்கு, ஆனால் ஊதுகிற வாய் வேறல்லவா. பலவேசத்தின் முதல் விசில் கட்டையாக நிற்கும், இரண்டாவது கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி வளையும். "ஒன் ரெண்டாவது விசிலு இருக்கே, தும்ம வந்தவன் அடக்குன மாதிரிடே" என்பார் சவரிமுத்து. டிரைவர் சவரிமுத்து. பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் அவர் முன்னால், இவர் பின்னால். விசிலை வீட்டில் மறந்துவிட்டு வருகிற நாளில் பலவேசம் இரண்டு விரலை வாயில் கொடுத்து நாக்கை மடித்து ஊதுவார். அதிலும் அந்த வளைவு வரும், சவரி அண்ணன் திரும்பிப் பார்க்காமலே சிரித்துக்கொண்டு கியரைத் தட்டுவார். மூன்று வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடத் தொடங்கி, அப்புறம் அதுவே உறவாகிவிட்டது. வேண்டாம். இது மூச்சு இல்லை, இது சவரி. மூச்சுக்கு வா என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார். மூச்சு எங்கே என்று பார்த்தால், அதை நெஞ்சுக்குள் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

விட்டார். சூடாகப் போனது. அங்கே சவரி அண்ணனுக்கு இந்த நேரம் எப்படிப் போகிறதோ. முகாமுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடின மாஸ்க்குக்குள் ஒவ்வொரு மூச்சையும் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு தரம் தோள் மேலே போய் வந்தது. தானாக வருகிறது, தானாகப் போகிறது என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். வராந்தாவில் அவர் மனைவி பிலோமினா மைனி இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "தம்பி, இன்னும் பத்துப் பன்னெண்டு நாளு தாண்டிட்டா ஒப்பேத்திரலாம்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா அவுகளுக்குத் தெம்பா இருக்கும்." பலவேசம் தரையைப் பார்த்துக்கொண்டு, "கோமு என் பேரைக் குடுத்துட்டாளே மைனி, ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே. இனி மாத்த முடியாதாம்" என்றார். மகள் கோமதி பெயரைக் கொடுத்தது நிஜம். அப்பாவுக்குப் பதினாலு வருஷமாகத் தூக்கம் சரியில்லை, தூக்கத்தில் உதட்டைக் குவித்துக்கொண்டு பூ பூ என்று ஊதுகிறார் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, எங்கேயோ விசாரித்துப் பதிவு செய்தாள். மாற்ற முடியாது என்றதுதான் நிஜமில்லை. ஒரு போன் செய்தால் அடுத்த மாத முகாமுக்கு மாற்றித் தருவார்கள், பதிவுத் தாளிலேயே அச்சடித்திருந்தது. பிறகு உள்ளே போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பும்போதுதான் சவரி அண்ணன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பலவேசம், ஒண்ணு கேக்கணும்டே. நீ சொன்னா நம்புவேன்" என்றார். என்ன கேட்கப் போகிறார் என்று பலவேசத்துக்குத் தெரியும். பதினாலு வருஷமாகத் தெரியும். "பெறவு பேசுவோம்ண்ணே, மூச்சு வாங்குதுல்லா" என்று சொல்லி, மாஸ்க்கை எடுத்து அவர் மூக்கின் மேல் தானே வைத்துவிட்டு வந்தார். ஒரு மனுஷனின் வாயை அவனுடைய மூச்சைக் காட்டியே மூடிவிட்டு, இரண்டாம் நாள் பஸ் ஏறி மூச்சைப் பார்க்க வந்துவிட்டார். சிரிப்பு வர வேண்டிய விஷயம். வரவில்லை.

முழங்கால் பேச ஆரம்பித்தது. எட்டு இருபது இருக்குமா, இருபத்தைந்து? இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். மனுஷர் காலைப் பொங்கலை ஒரு பிடி பிடித்திருப்பார் போலிருக்கிறது. ஏப்பமும் மூச்சில் சேர்த்தியா என்று யாராவது கேள்வி நேரத்தில் கேட்க வேண்டும். வருகிறது. போகிறது. முழங்காலுக்கும் கீழே, கணுக்காலில், எறும்பு ஊர்வதுபோல ஒரு மரமரப்பு. அதையும் பார்க்கச் சொன்னார்கள், வலியைப் பார்த்தால் வலி கரையும் என்றார்கள். பார்த்தார். கரையவில்லை, ஆனால் சும்மா இருந்தது. அப்போதுதான் ஆபீஸ் போன் அடித்தது. நூறடி தூரத்தில், ஜன்னல் திறந்திருக்கிற அறையில், பழைய காலத்துப் போன், கணகணவென்று. மூச்சு எங்கோ ஓடிப்போயிற்று. முகாமுக்கு இந்த ஒரு போன்தான். வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் இப்படித்தான் அடித்தது. அன்றைக்கு டீ நேரத்தில் இரண்டாவது வரிசைக்காரர் ஒருவரின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை, அவருடைய விரிப்பு மட்டும் இன்னும் மடித்தபடி கிடக்கிறது. யார் செத்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. நாலாவது தரம் அடித்தது. ஐந்து. ஆறாவதில் யாரோ எடுத்தார்கள். பேச்சு கேட்கவில்லை. நம்பர் கோமுவிடம் இருக்கிறது. பிலோமினா மைனி கோமுவைத்தான் கூப்பிடுவாள், கோமு இங்கே கூப்பிடுவாள். போன் வைக்கப்பட்டது. பொறுப்பாளர் நல்லசிவத்தின் ரப்பர் செருப்பு சிமெண்டுப் பாதையில் பட்டுப் பட்டென்று வந்தது, வந்து கூடத்தின் வாசலில் நின்றது. பலவேசத்தின் பிடரி முழுக்கக் காது ஆகிவிட்டது. நின்றார். யாரையோ பார்க்கிறார். பிறகு செருப்புச் சத்தம் வந்த வழியே திரும்பிப் போனது. அசையாத இந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தி வந்தாலும் ஒருவரையும் எழுப்ப மாட்டார்கள், மணி அடித்த பிறகுதான் தோளைத் தொடுவார்கள் என்பது விதி. அப்படியானால் அவர் பார்த்தது யாரை? அறுபது பேரில் ஒருவரை. கண்ணைத் திறந்து, நல்லசிவம் எந்தத் திசையைப் பார்த்தபடி நின்றார் என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கண்ணைத் திறக்க ஏனோ பயமாக இருந்தது.

சவரி அண்ணன் இல்லையென்றால்? அந்த நினைப்பு வந்ததும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது, அது என்ன என்று பலவேசம் பார்த்தார். அது ஒரு நிம்மதி. இனி யாரும் கேட்கப் போவதில்லை என்கிற நிம்மதி. ஒரு நொடிதான் இருந்தது, ஆனால் இருந்தது, அவர் பார்த்துவிட்டார். ஆறு நாள் பழக்கம் இதற்கா உதவ வேண்டும். இனித் தள்ளிப்போட முடியாது, ஆலடிவிலக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஸ்டாப். பதினாலு வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலம், நாலரை மணி, மைதானத்தில் டிரில் மாஸ்டர் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எள் போட இடமில்லை. பின்படியில் தொங்கிய கூட்டத்தில் டிரைவருக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, விசில்தான் அவருக்குக் கண். பலவேசம் கம்பியில் சாய்ந்துகொண்டு தலையைக் குனிந்து தாளில் டிக்கெட் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார். முன்படியில் இறங்கியாகிவிட்டது. பின்படியிலும் இறங்கியாகிவிட்டது என்றே நினைத்தார். நினைத்தாரா? நினைக்கக்கூட இல்லை. விசில் வாயில் இருந்தது. சத்தம் வந்தது. பஸ் நகர்ந்தது. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக, தலையில் முருங்கைக்காய்க் கட்டோடு இறங்கிக்கொண்டிருந்த பேச்சித்தாய் என்கிற அம்மாள் விழுந்தாள். முதலில் குதித்து ஓடியவர் பலவேசம்தான். ரோடெல்லாம் முருங்கைக்காய். பின்சக்கரம் ஏறின இடது பாதத்தை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வருகிறது. போகிறது. வருவதும் போவதும் இப்போது மூச்சா முருங்கைக்காயா என்று தெரியவில்லை.

விசாரணையில் சவரி அண்ணன் முதலில் சொன்னார்: "ரெண்டு விசில் கேட்டுது சார், எடுத்தேன். அவன் விசிலு எனக்குத் தெரியும் சார், தூக்கத்துல ஊதுனாலும் தெரியும்." அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டு, எதிரே பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தார்களாமே என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, நீங்க ஊதுனீங்களா என்றார். பலவேசத்தின் பேரில் ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது, இது இரண்டாவது, இதோடு வேலை போய்விடும். அண்ணனுக்குச் சுத்தமான ரிக்கார்டு, அவரை ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். இவ்வளவையும் யோசித்தாரா, அல்லது பிற்பாடு யோசித்துச் சேர்த்துக்கொண்டாரா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. "ஊதல சார்" என்றார். சவரி அண்ணன் இவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பலவேசம் பிழைத்துப்போயிருப்பார். கூட்டத்தில் பையைத் தொலைத்துவிட்டவர் தன் தோளைத் தானே தடவிப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு அதிகாரியிடம், "அப்போ நாந்தான் தப்பாக் கேட்டிருப்பேன் சார். அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். அதோடு முடிந்தது. அண்ணனை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கி டெப்போவில் டயர் செக்‌ஷனில் போட்டார்கள். ரிட்டயர் ஆகிறவரை எட்டு வருஷம், பழைய டயரைச் சுரண்டுகிற இடத்தில், கறுப்புத் தூசிக்குள். அந்தத் தூசியைத்தான் இப்போது தோளைத் தூக்கித் தூக்கி வெளியே தள்ளப் பார்க்கிறார். பேச்சித்தாய் அதே ஸ்டாப்பில் கட்டைக்காலோடு காய் விற்க உட்கார்ந்தாள். பலவேசத்தின் பஸ் நிற்கும்போதெல்லாம், "அந்த டிரைவர் வெளங்குவானா, அவன் கண்ணு அவிய" என்று மண்ணை வாரித் தூற்றுவாள். இவரைப் பார்த்தால் மட்டும் நல்ல முகம். நீங்க ஓடியாந்து தூக்குனீங்களே ராசா என்பாள்.

டிரைவர் சீட்டு போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். சவரி அண்ணன் தன் காதை நம்புவதை விட்டுவிட்டார், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனால், "பிலோ, இப்ப மணி அடிச்சுதா?" என்று கேட்பார். கோயில் மணி அடித்தால் அதையும் கேட்பார். பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் போய் மெஷின் வைத்துப் பார்த்தார். டாக்டர், இந்த வயசில் இப்படிக் காது வாய்ப்பது அபூர்வம் என்று சொல்லி அனுப்பினார், அண்ணன் அவரையும் நம்பவில்லை. அன்றைக்குத் துணைக்குப் போனது பலவேசம். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "மெஷினுக்கு என்னடே தெரியும், ஊதாத விசிலைக் கேட்ட காதாச்சே இது" என்று சொல்லிச் சிரித்தார். பலவேசமும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தெறியக் கை பரபரத்தது. கையை அசைக்கக் கூடாது.

மூச்சுக்கு வா. மூன்றாம் நாள் கிடைத்தது நினைவிருக்கிறதா, அதைப் பிடித்துக்கொள். மூன்றாம் நாள் பலவேசத்துக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்திருந்தது, அதை யாருக்கும் தெரியாமல் மடியில் முடிந்துவைத்திருந்தார். மூச்சை யாரும் விடுவதில்லை, அது தானாகப் போகிறது, நீங்கள் தூங்கும்போதும் போகிறது, உங்களைக் கேட்டுக்கொண்டா போகிறது என்று வழிகாட்டி ஐயா சொன்னார். பலவேசத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியானால் அன்றைக்கும் அது தானாகப் போன மூச்சுதானே. வழியில் விசில் இருந்தது, அதற்கு மூச்சு என்ன செய்யும். நான் ஊதல என்று சொன்னது பொய்யே இல்லை. அன்று படுத்தவர் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார், மறுநாளும் தூங்கினார். பதினாலு வருஷத்தில் வராத தூக்கம். இப்போதும் அதையே எடுத்து விரித்தார். கம்பியில் சாய்ந்திருக்கிறார், தலை குனிந்திருக்கிறது, விசில் வாயில் இருக்கிறது. மெதுவாகப் பார். மூச்சு வருகிறது. மூச்சு போகிறது, தொளதொளவென்று, தானாக. போகிற வழியில் விசில் பீ என்கிறது. சரி. இதுவரை ஒப்புக்கொள்ளலாம். ஒன்று தானாகப் போகலாம். பிறகு? பிறகு இரண்டாவது. இரண்டாவதற்கு முதலாவதை வெட்ட வேண்டும். நாக்கு நுனி போய் விசிலின் துளையை அடைக்க வேண்டும். மூக்கு வழியே ஒரு சொட்டுக் காற்றைத் திருடிக்கொள்ள வேண்டும். அடிவயிறு இறுக வேண்டும். தானாகப் போகிற மூச்சுக்கு வயிறு இறுகாது. அனுப்புகிற மூச்சுக்குத்தான் இறுகும், அதுவும் மூச்சுக்கு முன்னாலேயே இறுகும். ஆறு நாளாக வேறு வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்ததில் இந்த வித்தியாசம் அவருக்குத் தன் வீட்டு வாசல்போலத் தெரிந்துவிட்டது. இறுகிய வயிற்றிலிருந்து அதை அனுப்ப வேண்டும், அனுப்பி, கடைசியில் மேலே ஏற்றி வளைக்க வேண்டும். வளைவு தானாக வராது. முதலோடு நின்றிருந்தால் அது ஒரு விசில். ஒரு விசில் என்றால் நில். சவரி அண்ணன் காலை பிரேக்கிலிருந்து எடுத்தே இருக்க மாட்டார். பேச்சித்தாய் இரண்டு காலோடு வீட்டுக்குப் போயிருப்பாள். மூச்சு போயிற்று என்பதெல்லாம் சரி, இரண்டாவதை ஊதியது பலவேசம்.

காற்றாலை இறங்கியது. உஸ். இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம், பன்னிரண்டு இருக்கலாம். மணி அடிக்கும், நல்லசிவம் வருவார், தோளைத் தொடுவார், அதன் பிறகு தெரிந்து என்ன பிரயோசனம். இப்போதே போனாலும் என்ன பிரயோசனம், செய்தி வந்தாகிவிட்டதே. இருந்தாலும் கண் திறந்துவிட்டது. அவர் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது என்று சொல்ல வாயெடுத்து, இல்லை, நான்தான் திறந்தேன் என்று திருத்திக்கொண்டார். முன்னால் ஒரு வழுக்கைத் தலை. அப்பால் வரிசை வரிசையாக முதுகுகள். மடக்கிய காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிரித்து, தரையில் கை ஊன்றி எழுந்தார். கால் தன்னுடையதாக இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். ஏப்பக்காரர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சிமெண்டுப் பாதை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஆபீஸ் வாசலில் நல்லசிவம் உதட்டில் விரலை வைத்து, உள்ளே போங்கள் என்று ஜாடை காட்டினார். பலவேசம் வாயைத் திறந்தார். ஆறு நாளாகப் பேசாத தொண்டையிலிருந்து வேறு யாருடையதோபோல ஒரு குரல் வந்தது.

"போனு யாருக்கு?"

நல்லசிவம் தயங்கினார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "ஒங்களுக்கு இல்லய்யா. தண்ணி லாரிக்காரன். கேட்டைத் தொறந்து வைக்கச் சொன்னான். சாவிக்காரரு உள்ள ஒக்காந்திருக்காரான்னு எட்டிப் பாத்தேன், அம்புட்டுதான். போய் ஒக்காருங்க, இன்னும் பத்து நிமிசம் இருக்கு" என்றார்.

தண்ணி லாரி. அண்ணன் இருக்கிறார். அப்படியே திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாம். பத்து நிமிஷம், அதற்கு மேல் மூன்று நாள். மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கும், நடந்துவிட்டால் ஒருவரும் எதையும் கேட்கப் போவதில்லை. ஒருத்தரும் இவரைக் குறைசொல்லப் போவதில்லை. அவன் பொய் சொல்ல மாட்டான் என்று உலகத்தில் ஒரே ஒரு மனுஷன் சொல்லியிருக்கிறான், அந்த மனுஷன் அதை நம்பியபடியே கண்ணை மூடுவான். போய்த்தான் உட்காரேன் என்று கால் சொல்லியது. அடிவயிறு இறுகியது. இறுகுவதைத் தெரிந்துகொண்டார்.

"போனைக் குடுங்க" என்றார். "ஒரு ஆளுகிட்டப் பேசணும். பேசுனா முகாமை விட்டு அனுப்பிருவீங்கன்னா அனுப்பிருங்க."

நல்லசிவம் அவர் முகத்தைப் பார்த்தார், அலமாரிச் சாவியைத் தேடி எடுத்தார், பழைய செல்போனை எடுத்துக் கையில் வைத்தார். அதற்கு உயிர் வருவதற்குள் பலவேசத்துக்கு ஒரு யுகம் ஆனது. மூன்றாவது மணியில் பிலோமினா மைனி எடுத்தாள்.

"தம்பியா? தியானத்துல இருக்கீங்கன்னுல்லா கோமு சொன்னா."

"அண்ணன் எப்படி இருக்காவ மைனி?"

"கெடக்காவ. நேத்துலருந்து கொஞ்சம் மோசந்தான். ஒங்ககிட்ட என்னமோ கேக்கணும்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்காவ. என்னன்னு கேட்டா என்கிட்டச் சொல்ல மாட்டுக்காவ."

"போனை அவுக காதுல வைங்க."

துணி உரசுகிற சத்தம். பிறகு மூச்சு. மாஸ்க்குக்குள் உள்ளே இழுபட்டு, ஓர் இடத்தில் தடுக்கி நின்று, சரசரவென்று வெளியே வந்தது. இன்னொன்று இழுபட்டது. பலவேசம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அண்ணே, நான் பலவேசம். நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்லுதேன். நாந்தான் ஊதுனேன். ரெண்டும் நாந்தான். ஆபீசர்ட்டச் சொன்னது பொய்."

மூச்சு தடுக்கிய இடத்திலேயே நின்றது. நிற்கிறது. இன்னும் நிற்கிறது. தன்னுடையதும் கூடவே நிற்பது பலவேசத்துக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பக்கம் சரசரவென்று போனது. மாஸ்க்கை விலக்குகிற சத்தம், மைனி வேண்டாம் வேண்டாம் என்கிற சத்தம்.

"ஊது."

"அண்ணே?"

"ஒருக்கா... ஊதுடே."

விசில் இல்லை. ரிட்டயர் ஆன அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அதைக் குளத்தில் எறிந்தாயிற்று. போனை மேஜையில் வைத்து, அதன் பக்கத்தில் குனிந்து, இரண்டு விரலையும் வாயில் கொடுத்து நாக்கை மடித்தார். வெறும் காற்றுதான் வந்தது. உதடு காய்ந்திருந்தது. நல்லசிவம் எழுந்து நின்று, ஐயா, ஐயா, உள்ள எல்லாரும், என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். பலவேசம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மூச்சு வந்தது. வயிறு இறுகியது. ஊதினார். கட்டையாக ஒன்று. நாக்கால் வெட்டினார். இரண்டாவது எழுந்து, கடைசியில் மேலே ஏறி, வளைந்தது.

கூடத்தில் ஒருவர் இருமினார், ஒருவர் என்னவோ கேட்டார், ஏழு நாள் அமைதி அப்படியே கலைந்து சலசலத்தது. பலவேசம் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"பிலோ." சவரி அண்ணனின் குரல் இவரிடம் பேசவில்லை, பக்கத்தில் பேசியது. "கேட்டியா? இப்ப... ரெண்டு விசில் கேட்டுதா?"

"கேட்டுதுங்க, நல்லாக் கேட்டுது. நீங்க அதை மூக்குல மாட்டுங்க மொதல்ல."

"இதத்தான்." ஓர் இழுப்பு. "இதத்தான் அன்னைக்குங் கேட்டேன். என் காது நல்லாத்தாம் இருந்திருக்கு."

மாஸ்க்கைத் திரும்ப வைக்கிற சத்தம். அதன் பிறகு பேச்சில்லை. இவருக்கென்று ஒரு வார்த்தை வரும் என்று பலவேசம் காத்துக்கொண்டிருந்தார். திட்டினாலும் சரிதான். அங்கிருந்து எதுவும் வரவில்லை, போனையும் யாரும் அணைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு உள்ளே வந்தது. வந்ததைத் தெரிந்துகொண்டார். வெளியே போனது. போனதைத் தெரிந்துகொண்டு, அடுத்ததற்காக நின்றார்.